மாத்திரையா, அயோடினா, ஆபரேஷனா? தைராய்டு கூடினவர்கள் வீட்டில் பேசவேண்டியது

தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று தெரிந்ததும் டாக்டர் மாத்திரை, கதிரியக்க அயோடின், ஆபரேஷன் என்று மூன்று வழியைச் சொல்லி, "வீட்டில கலந்து பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். வீட்டில் என்ன பேசுவார்கள்? ஆபரேஷன் என்றால் கழுத்தில் தழும்பு விழும், பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகணும்லா என்று ஆச்சி சொல்வாள். கதிரியக்கம் என்று காதில் விழுந்ததும் பேச்சு கூடங்குளம் வரை போய்விடும். கடைசியில் "மாத்திரையே போதும், தின்னுட்டு இருப்போம்" என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவு பல பேருக்குச் சரியாகவே இருக்கும், ஆனால் காரணம் தெரிந்து எடுத்த முடிவாக இருக்காது.

பாளையங்கோட்டைப் பக்கம் வார்டில் நர்ஸாக நின்று இந்த மூன்று வகை ஆட்களையும் பார்த்தவள் என்ற முறையில் என் கருத்து இது. மூன்று வழியும் நோயை அடக்கும், எது பெரிய மருந்து, எது சின்ன மருந்து என்ற கணக்கே வேண்டாம். பார்க்கவேண்டியது, ஒவ்வொன்றும் உங்கள் வீட்டிடம் என்ன கவனிப்பைக் கேட்கிறது, எப்போது கேட்கிறது என்பதைத்தான். மாத்திரை ஒன்றரை வருடம் விடாமல் கேட்கும். அயோடின் சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை பிள்ளைகளை விட்டு விலகி இருக்கச் சொல்லும். ஆபரேஷன் முதல் இரண்டு மூன்று நாளில் முழுசாகக் கேட்டுவிடும். உங்கள் வீட்டில் எது முடியும் என்று தெரிந்தால் பாதி முடிவு ஆனமாதிரி.

அதற்கு முன்னால் என்ன நோய் என்பது உறுதியாக வேண்டும். நம் பக்கம் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் குறைவாகச் சுரக்கிற வகைதான். கூடுதலாகச் சுரப்பதிலும் மூன்று சாதி உண்டு. கிரேவ்ஸ் நோய் என்பது உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் தைராய்டைத் தட்டித் தட்டிச் சுரக்க வைப்பது, இதில் மூன்று வழியும் செல்லும். கட்டி ஒன்றோ பலவோ தன் இஷ்டத்துக்குச் சுரந்தால் மாத்திரை அடக்கி வைக்கும், ஆனால் நிறுத்தினால் திரும்ப வரும், அதனால் அங்கே அயோடின் அல்லது ஆபரேஷன் என்றுதான் பேச்சு. மூன்றாவது, பிரசவமாகிச் சில மாதத்தில் சில பெண்களுக்குத் தைராய்டு வீங்கி, ஏற்கெனவே சேர்த்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கொட்டிவிடுவது. அது தானாக இறங்கும், அதற்குச் சுரப்பை அடக்குகிற கார்பிமசோல் மாத்திரை வேலையே செய்யாது. எதிர்ப்புப் பொருள் ரத்தப் பரிசோதனையோ தைராய்டு ஸ்கேனோ பார்த்து இதைப் பிரித்துச் சொல்லாமல் மாத்திரை எழுதியிருந்தால், எந்த வகை என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை. இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று நாளுக்கு முன்பே அதை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் இல்லாத தைராய்டை இருக்கிறதாகக் காட்டிவிடும்.

இனி மாத்திரைக்கு வருவோம். கார்பிமசோல், கடையில் நியோமெர்கசோல் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் நாளுக்கு 20, 30 மில்லிகிராம் என்று கொடுத்து, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்து, படிப்படியாக 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவருவார்கள். படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் ப்ரொப்ரனலால் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்னாலேயே சொல்லிவிடவேண்டும், அவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. கார்பிமசோல் புதிதாகச் சுரப்பதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே இருக்கிற சரக்கு தீர்ந்தால்தான் உடம்பு தெளியும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில்தான் நம் ஆட்கள் பொறுமை இழந்து வேறு டாக்டரிடம் போவது, அங்கே அவர் முதலில் இருந்து ஆரம்பிப்பது எல்லாம். டி4, அதாவது தைராய்டு சுரக்கிற ஹார்மோன், சரியான பிறகும் டிஎஸ்எச், அதாவது தைராய்டைச் சுரக்கச் சொல்கிற மூளை ஹார்மோன், மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து அளவைக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் முடிந்து நிறுத்தினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பிவிடும், அதுவும் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள்ளே. வீக்கம் சின்னதாக, நோய் லேசாக இருந்து, கடைசியில் எதிர்ப்புப் பொருளும் இறங்கியிருந்தால் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். கழுத்து பெரிதாக வீங்கினவர்களுக்கும், புகை பிடிக்கிறவர்களுக்கும் வாய்ப்பு குறைவு. திரும்பினால் குறைந்த அளவில் பல வருடம் தொடர்வதும் இப்போது ஏற்றுக்கொண்ட வழிதான், உடனே கத்தியிடம் ஓடவேண்டும் என்றில்லை.

மாத்திரையை நான் குறை சொல்வதில்லை, ஆனால் ஒரு விஷயத்தை எல்லார் காதிலும் ஓதிக்கொண்டே இருப்பேன். ஆயிரத்தில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், இந்த மருந்தால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் திடீரென்று சரிந்துவிடும். அடையாளம் என்ன? காய்ச்சலும் தொண்டை வலியும், சில பேருக்கு வாய்ப்புண். நம் ஊரில் காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? தெருமுனை மெடிக்கலில் இரண்டு மாத்திரை, சுக்குக் காப்பி, போர்வை. ஐப்பசி, கார்த்திகையில் என்றால் "டெங்கு சீசன், எல்லாருக்கும்தான் காயுது" என்று விட்டுவிடுவோம். கார்பிமசோல் சாப்பிடுகிறவர் அப்படி விடக்கூடாது. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றைக்கே சிபிசி என்ற ரத்த அணுப் பரிசோதனை பார்க்கவேண்டும், இரவானாலும் சரி. பார்க்கிற டாக்டரிடம் "நான் தைராய்டுக்கு இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று அட்டையைக் காட்டவேண்டும். அணுக்கள் சரியாக இருந்தால் டாக்டர் சொல்லித் திரும்ப ஆரம்பிக்கலாம். சரிந்திருந்தால் அந்த மாத்திரையை வாழ்நாளில் தொடக்கூடாது, அதற்குப் பதில் பிடியு என்ற இன்னொரு மாத்திரைக்கும் மாறக்கூடாது, அதுவும் அதையே செய்யும். வெறும் அரிப்பு, தடிப்பு என்றால் பயம் இல்லை. கண் மஞ்சளானாலும், சிறுநீர் கருத்த நிறத்தில் போனாலும் உடனே காட்டவேண்டும்.

அதனால்தான் வீட்டைக் கேட்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் உங்களை அம்பாசமுத்திரத்துக்கோ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா? ஆறு வாரத்துக்கு ஒரு முறை பீடிச் சுற்றை ஒரு நாள் விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க முடியுமா? கூலி போகிறதே என்று மூன்று முறை தள்ளிப்போட்டு, மாத்திரையை மட்டும் பழைய சீட்டிலேயே வாங்கித் தின்று, கடைசியில் தைராய்டு ஒரேயடியாகக் குறைந்து முகம் வீங்கி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, அந்த வழி அவர்கள் நிலைமைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கதிரியக்க அயோடின். இதைப் பற்றித்தான் பயம் ஜாஸ்தி, ஆனால் மூன்றிலும் செய்வதற்கு லேசானது இதுதான். ஒரு காப்ஸ்யூலோ கொஞ்சம் தண்ணீர் மாதிரி மருந்தோ குடிப்பது, முடிந்தது. தைராய்டுதான் அயோடினை இழுத்துக்கொள்ளும் உறுப்பு, அதனால் மருந்து நேராக அங்கே போய் அந்தச் செல்களை மெல்ல அழிக்கும். பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் 1941-லேயே இதை முதல் நோயாளிக்குக் கொடுத்தார், ஆக இது நேற்று வந்த வைத்தியம் இல்லை. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறைந்துவிடும், உடம்பில் சேராதது முதல் ஓரிரு நாளிலேயே சிறுநீரில் போய்விடும். கிரேவ்ஸுக்குக் கொடுக்கிற 10, 15 மில்லிகியூரி அளவுக்குப் பொதுவாக ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியதுகூட இல்லை. கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மருந்து முழுசாக வேலை செய்ய ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். முடிவில் பெரும்பாலோருக்குத் தைராய்டு குறைந்துவிடும், அதுதான் நோக்கமும்கூட, பிறகு வாழ்நாள் முழுக்கத் தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை. இதைக் கேட்டு "நோய்க்கு மருந்து தின்னு நோயா?" என்று கோபப்பட்ட ஒரு அண்ணாச்சி இருந்தார். கூடுவதைவிடக் குறைவதைச் சமாளிப்பது சுலபம் அண்ணாச்சி, ஒரு மாத்திரையில் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் புரியவைக்கவேண்டி வந்தது.

இதன் சிக்கல் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான், அதைவிட வீட்டுக்கு வருகிற வழியில். அணு மருத்துவப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியில்தான் இதைக் கொடுப்பார்கள், நம் பக்கத்து ஆட்கள் பலர் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வேலூருக்கோ போய் வாங்கி வருகிறார்கள். மருந்து குடித்த அன்றைக்கே நெரிசலான பஸ்ஸில் மூன்று நாலு மணி நேரம், பக்கத்து சீட்டில் கர்ப்பிணியோ மடியில் பிள்ளையோடு ஒருத்தியோ உட்கார்ந்தால் அது சரியில்லை. எப்படித் திரும்பப் போகிறீர்கள் என்பதை மருந்து குடிப்பதற்கு முன்பே அங்கே சொல்லி, எத்தனை நாள் எவ்வளவு தூரம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் தனியாகப் படுக்கவேண்டும், சின்னப் பிள்ளைகளையும் வயிற்றுப் பிள்ளைக்காரியையும் விட்டுச் சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை விலகி இருக்கவேண்டும், அளவைப் பொறுத்து நாள் மாறும். கக்கூஸில் உட்கார்ந்தே போய் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றவேண்டும், ஆண்களும்தான். தட்டு, டம்ளர், துண்டு தனி. நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில், "அம்மா ஏன் என்னைத் தூக்க மாட்டேங்கா?" என்று கேட்கிற இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இது சொல்வது மாதிரிச் சுலபம் இல்லை. பிள்ளையை அம்மை வீட்டில் விடமுடியும் என்றால் பிரச்சினை தீர்ந்தது.

யாருக்குக் கூடவே கூடாது என்றால், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும். மருந்துக்கு முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம், பால் கொடுப்பதை ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கவேண்டும், அந்தப் பிள்ளைக்குப் பிறகு திரும்பக் கொடுக்கவும் கூடாது. ஆறு மாதம் கரு தரிக்கக்கூடாது. அப்புறம் கண். கிரேவ்ஸில் கண் பிதுங்கி, இமை மூடாமல், சிவந்து நீர் வடிகிறவர்களுக்கு அயோடின் அதை மோசமாக்கலாம், புகை பிடிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். லேசாக இருந்தால் ஸ்டீராய்டு துணையோடு கொடுப்பார்கள், கடுமையாக இருந்தால் தவிர்ப்பார்கள்.

கண் விஷயத்தை இங்கே இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்று அப்படி. ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற வேகத்தில் புழுதி பறக்கும், சரியாக மூடாத கண்ணோடு பைக்கில் போனால் கருவிழியே புண்ணாகிவிடும். பக்கமும் மூடுகிற கண்ணாடி போடுங்கள், டாக்டர் எழுதின கண்ணீர்ச் சொட்டு மருந்தைப் பகலில் பல தடவை விடுங்கள், படுக்கும்போது களிம்பு போட்டு, தலையணையை உயர்த்தி வையுங்கள். வீட்டில் பீடி குடிக்கிற ஆள் இருந்தால் வாசலுக்கு அனுப்புங்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் இது பொது.

ஆபரேஷன். நான் வார்டு ஆள், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். தைராய்டை முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ எடுத்துவிடுவது. நோய் தீர்ந்துவிடும், அன்றிலிருந்து தைராக்சின். கழுத்து பெரிதாக வீங்கி மூச்சுக்குழலை அழுத்துகிறவர்களுக்கும், கட்டியில் புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர்களுக்கும், கண் மோசமானவர்களுக்கும், சீக்கிரம் தீரவேண்டியவர்களுக்கும் இதுதான். ஆனால் தைராய்டு கூடின நிலையிலேயே கத்தி வைக்கமாட்டார்கள், வைக்கவும் கூடாது, உயிருக்கே ஆபத்து. முதலில் கார்பிமசோல் கொடுத்து டி4-ஐ இறக்கி, கடைசிப் பத்து நாள் லூகால்ஸ் அயோடின் சொட்டு மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தைக் குறைப்பார்கள். அதை ஜூஸில் கலந்து ஸ்ட்ராவில் குடித்தால் பல்லில் கறை படியாது.

நன்றாகத் தேர்ந்த கைகளில் குரல் நரம்பு நிரந்தரமாகப் பழுதாவது நூற்றில் ஒருவருக்குத்தான், கால்சியம் சுரப்பிகள் நிரந்தரமாகப் போவதும் ஒன்றிரண்டு பேருக்குத்தான். கை தேர்ந்தவர் என்பது இங்கே உண்மையிலேயே வித்தியாசம் செய்யும், வருடத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், இருபத்தைந்துக்கு மேல் என்றால் நல்லது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் உங்கள் ஆஸ்பத்திரியில் இதற்குச் செல்லுமா என்று சேருவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் விசாரித்துவிடுங்கள்.

முதல் இரவுதான் எங்களுக்குக் கண்கொத்தி வேலை. தலையை முப்பது டிகிரி உயர்த்திப் படுக்க வைப்போம், மணிக்கு ஒரு தடவை பேர் கேட்டுப் பேசவைப்போம், குரல் கரகரக்கிறதா என்று பார்க்கத்தான். தூங்குகிறவரை எழுப்புகிறார்களே என்று துணைக்கு இருக்கிற மைனி சண்டைக்கு வருவார், பரவாயில்லை. கட்டின் முன்பக்கம் சுத்தமாக இருந்தாலும் ரத்தம் பின்னால் வழிந்து தலையணையில் நிற்கும், அதனால் கழுத்துக்குப் பின்னாலும் கைவிட்டுப் பார்ப்போம். உள்ளே ரத்தம் கட்டினால் கழுத்து இறுகி மூச்சு முட்டும், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் இது வரும். அதற்காகத்தான் தையல் பிரிக்கிற தட்டும், மூச்சுக்குழல் கருவியும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். துணை இருக்கிறவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். "கழுத்து இறுக்குது", "மூச்சு விட முடியல" என்று நோயாளி சொன்னாலோ, மூச்சு விசில் மாதிரிக் கேட்டாலோ, சிஸ்டர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் ஓடிவந்து கூப்பிடுங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாளில் கால்சியம் இறங்கும். வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், முற்றினால் கை விரல்கள் கூடி இழுத்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனபிறகு இது வந்தால் வாதம், வலிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தேய்க்கவேண்டாம், கொடுத்த கால்சியம் மாத்திரையைச் சொன்னபடி போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், தேவைப்பட்டால் நரம்பில் கால்சியம் ஏற்றுவோம். தழும்பைப் பற்றிக் கேட்டால், கழுத்து மடிப்பிலேயே போடுவார்கள், ஒரு வருடத்தில் மங்கிவிடும். கல்யாணப் பேச்சில் தழும்பைப் பார்க்கிற வீடு வேறு எதையாவதும் பார்க்கும், அதை என்னால் சரிசெய்ய முடியாது.

ஆக இரண்டு வழியும் கடைசியில் தைராக்சினில்தான் போய்ச் சேரும், அதை ஒழுங்காகச் சாப்பிட முடியுமா என்பதும் முடிவில் சேரவேண்டும். தைரோனார்ம், எல்ட்ராக்சின் என்று எந்தப் பேரானாலும் ஒரே பேரில் தொடருங்கள். தைராய்டு முழுசாகப் போனவர்களுக்கு ஏறக்குறைய கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம், அறுபது கிலோ ஆளுக்கு நூறுக்குப் பக்கம் வரும். வெறும் வயிற்றில் தண்ணீரில், பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. விடியக்காலம் கருப்பட்டிக் காப்பி குடிக்காமல் கண் திறக்காத ஊர் இது, அங்கேதான் இடறும். முடியாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், நோன்பு மாதத்தில் மேலப்பாளையத்து ஆட்களுக்கும் அதுவே தோது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். கால்சியமும் இரும்புச்சத்தும் நாலு மணி நேரம் தள்ளி. அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்ப்பதில் பொருள் உண்டு. டப்பாவை அடுப்படியிலும் டிவிக்கு மேலும் வைக்காதீர்கள், நம் வெயிலில் மாத்திரை வீரியம் இழந்துவிடும்.

சரி, என்னைக் கேட்டால் யாருக்கு எது?

முதல் தடவை கிரேவ்ஸ், வீக்கம் சின்னது, ஆஸ்பத்திரி பக்கத்தில், ரத்தம் கொடுக்கப் போய்வர முடியும் என்றால் மாத்திரையில் ஆரம்பிப்பேன், யோசிக்கவே மாட்டேன். ஐம்பது தாண்டி, இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்து, பிள்ளைகள் எல்லாம் சென்னையில், கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிற பெரியம்மாவுக்கு அயோடின். இதயத்தை முதலில் மாத்திரையால் அடக்கிவிட்டு, ஒரு தடவையில் தீர்ப்பது அவருக்கு நல்லது, விலகி இருக்க வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதும் ஒரு வசதிதான். வளைகுடாவில் வேலை பார்க்கிற கடையநல்லூர்த் தம்பி இரண்டு மாத லீவில் வந்திருந்தால், அவனும் அயோடின்தான் சுலபம் என்று நினைப்பான். நான் யோசிக்கச் சொல்வேன். போன பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அங்கே ரத்தம் பார்க்க முடியுமா, தைராய்டு குறைய ஆரம்பித்தால் மாத்திரை எழுத ஆள் உண்டா? அத்தோடு விமான நிலையத்தில் கதிர்வீச்சுக் கருவி வாரக்கணக்கில், சில பேருக்கு அதற்கு மேலும், அவனைப் பார்த்துக் கத்தும், ஆஸ்பத்திரிக் கடிதம் இல்லாமல் கிளம்பவே கூடாது.

கஷ்டமான முடிவு, சீக்கிரம் பிள்ளை வேண்டும் என்கிற பெண்ணுக்குத்தான். அயோடின் எடுத்தால் ஆறு மாதம் காத்திருக்கவேண்டும், அதோடு எதிர்ப்புப் பொருள் அதன்பின் பல மாதம் ஏறி நிற்கும், அது தொப்புள்கொடி வழியாகக் குழந்தையின் தைராய்டையும் தட்டும். கார்பிமசோலில் இருக்கும்போதே கரு தரித்தால் முதல் சில வாரங்களில் குழந்தைக்கு ஊனம் வர வாய்ப்பு உண்டு, அதனால் அந்த நேரத்துக்குப் பிடியுவுக்கு மாற்றுவார்கள், அதற்கோ ஈரலைக் கெடுக்கிற குணம் இருக்கிறது. எதிர்ப்புப் பொருள் அதிகமாக இருந்து, ஒரு வருடத்துக்குள் பிள்ளை வேண்டும் என்றால் நான் ஆபரேஷன் பக்கம்தான் நிற்பேன், தைராக்சினில் டிஎஸ்எச் நின்றதும் தைரியமாகக் கரு தரிக்கலாம். இரண்டு வருடம் பொறுக்க முடியும் என்றால் மாத்திரை. எப்படியானாலும் மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளினாலே சோதித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடவேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்கக்கூடாது.